‘றஃப்’ என்று எழுதப்பட்ட காணி

முள்ளியவளைக்கு அப்பால், பனையடிமுறிப்பில், புதிதாக வந்த ஒருவர் கேள்வி கேட்டால் ஊர்ச்சனம் முதலில் அவருடைய காலைத்தான் பார்க்கும். மினுக்கிய சப்பாத்து என்றால் சொந்தப் பெயரே மறந்துபோகும். காலுறையின் மேல் செருப்பு என்றால் தொண்டு நிறுவனக்காரர்; கொஞ்சம் கதைக்கலாம், ஆனால் மாடு எத்தனை நிற்கிறது என்று சொல்லக் கூடாது. றப்பர் செருப்பு என்றால் எங்கடை ஆள். எங்கடை ஆள் என்பதால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இதை யாரும் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கவில்லை. அந்த ஊரைப் பிடித்தவர்கள் கேட்டார்கள். மீட்டவர்கள் கேட்டார்கள். எண்ண வந்தவர்கள், படம் எடுக்க வந்தவர்கள், ஆய்வு செய்ய வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். பதில் சொன்னவனை மறுபடியும் சொல்லக் கூப்பிட்டார்கள். தெரியாது என்றவன் வீட்டில் இருந்து சோறு தின்றான். ஊர் கணக்குப் பார்த்தது, தெரியாது என்பதே ஆரோக்கியம் என்று முடிவெடுத்தது.

மேனுகாவின் வினை இங்கேதான் தொடங்கியது.

அன்று வந்தவளின் காலில் ஓட்டப்பந்தயச் சப்பாத்து. ஊரின் அட்டவணையில் இல்லாத வகை. ஆகவே மேனுகா மிகவும் பயந்தாள். வந்தவள் அபிவிருத்தி உத்தியோகத்தர் ராஜினி. பட்டம் முடித்து, வேலை கேட்டுத் தெருவில் பந்தல் போட்டிருந்து, கடைசியில் காணிகளின் தன்மையைப் பதியும் வேலை கிடைத்தவள். வெயிலில் சிவந்த முகத்தோடு வேலி இல்லாமல் புதர் மண்டிக் கிடந்த ஒரு பெரிய பற்றைக்கு முன்னால் நின்று, இந்தக் காணிக்குள் என்ன கிடக்கிறது என்று கேட்டாள்.

அது மேனுகாவுக்குத் தகப்பன் விட்டுப்போன காணி. மிதிவெடி எடுத்து முடிந்துவிட்டது என்று சிவப்புப் பலகையைக் கழற்றிக்கொண்டு போய்க் கொஞ்சக் காலம்தான். உள்ளே தகப்பன் வெட்டிய கிணறு கிடந்தது. வீட்டின் அத்திவாரம் கிடந்தது. மூன்று பிலாமரங்கள் நின்றன. இவ்வளவும் அவளுடைய நாக்கின் நுனி வரைக்கும் வந்தன. ஆனால் அவளுடைய சித்தப்பா ஒருமுறை இப்படித்தான் கேட்டவர்களிடம், எங்கடை கிணறு நல்ல தண்ணீர், கோடையிலும் வற்றாது என்று பெருமையாகச் சொன்னார். அடுத்த கிழமை அந்தத் தண்ணீர் யாருக்கோ தேவைப்பட்டது. இன்று வரைக்கும் சித்தப்பா தன் கிணற்றை முட்கம்பிக்கு வெளியே நின்றுதான் பார்க்கிறார்.

“என்ன கிடக்கும் மிஸ். ஒண்டுமில்லை. சும்மா பத்தையும் பறுகும்தான்” என்றாள் மேனுகா.

கிணறு? தெரியேல்லை. வீடு இருந்த அடையாளம்? தெரியேல்லை.

ராஜினியின் தாளில் அந்தக் கேள்விக்கான கட்டம் ஒரு தீப்பெட்டியின் அளவு. அதுவும் ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டுமாம். பற்றைக்கும் பறுகுக்கும் ஆங்கிலம் அவளுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கணக்கைக் கிறுக்கிப் பார்க்கும் றஃப் கொப்பியின் ஞாபகத்தில் ‘றஃப்’ (rough) என்று எழுதினாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

மேனுகாவுக்கு அன்று நிம்மதியாக இருந்தது. தப்பிவிட்டோம் என்று புருசன் ஜெயந்தனிடம் சொன்னாள். ஜெயந்தன் தன் தமையனின் வளவில் போட்ட தகரக் கொட்டிலுக்குள் இருந்து, அதுதான் நல்லது என்றான்.

வீட்டுத்திட்டத்துக்கு மேனுகாவின் பெயர் வந்தபோதுதான் விசயம் விளங்கியது. காணி தன்னுடையது என்று உறுதிப்பட்டால்தான் வீடு. ஆண்டு முடிவதற்குள் உறுதிப்படாவிட்டால் வீடு அடுத்த பெயருக்குப் போய்விடும். காணிக் கந்தோரில் இருந்தவர் அவளுடைய கோவையைத் திறந்து பார்த்து, மூடி, தேநீர் குடித்து, மறுபடி திறந்து பார்த்தார். உங்கள் காணி ‘றஃப்’ என்று பதியப்பட்டிருக்கிறது, அந்தச் சொல்லுக்கு எங்களால் பொருள் கொள்ள முடியாது, பொருள் கொள்வதற்கென்று தனியாக ஓர் அதிகாரசபை இருக்கிறது என்றார்.

உண்மையாகவே இருந்தது. சொற்பொருள் நிர்ணய அதிகாரசபை. இந்த நாட்டின் பிரச்சினை முழுவதுக்கும் காரணம் ஒரே சொல்லுக்கு இரண்டு பேர் இரண்டு பொருள் கொண்டதுதான் என்று ஒரு நிபுணர் அறிக்கை எழுத, வெளிநாடொன்று அதை நம்ப, கண்ணாடி பதித்த ஒரு கட்டடம் எழும்பியது. சண்டையில் காலை இழந்தவர்கள் அந்தக் கட்டடத்தின் படிகளில் ஏற முடியாது என்பது பிறகுதான் தெரியவந்தது. ‘அணுகுவழி’ என்ற சொல்லுக்கான பொருள் இன்னும் ஆராயப்பட்டுக்கொண்டிருந்தது.

பணிப்பாளர் தவராசா மேனுகாவைக் கண்டதும் மகிழ்ச்சியடைந்தார். அதிகாரசபை தொடங்கியதிலிருந்து வந்த முதலாவது பொதுசனம் அவள். கதிரை போடச் சொன்னார். பக்கத்தில் ராஜினி தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். காணிப் பதிவு முடிந்ததும் அவளை இங்கே மாற்றியிருந்தார்கள்.

மேனுகா துணிந்து, சேர், அது பிழையாய் எழுதினது, அந்தச் சொல்லை வெட்டிவிட்டால் காணும் என்றாள். தவராசாவின் முகம் சின்னப்பிள்ளை விழுந்ததைக் கண்டவரின் முகம் போலானது.

“தங்கச்சி, சொல்லை வெட்டேலாது. அது ஆயிரம் வருசச் சொல். உங்கட ஐயாவின்ர காணியை விடப் பழசு. நாங்கள் இங்க காணிக்குச் சேவை செய்ய இருக்கேல்லை. சொல்லுக்குச் சேவை செய்ய இருக்கிறம்.”

அதை அவர் இரகசியமாகச் சொல்லவில்லை. வாசலில் பித்தளையிலும் அப்படித்தான் பொறித்திருந்தார்கள்.

அடுத்ததாக ஒரு செயலமர்வு நடந்தது. பாதிக்கப்பட்ட தரப்பு என்ற முறையில் மேனுகாவும் வர வேண்டுமாம். குளிரூட்டிய மண்டபத்தில், மேசைக்கு மேசை போத்தல் தண்ணீர் வைத்து, தவராசா சுவரில் படம் காட்டினார். முதலாவது படம் ஓர் ஆடு. பழைய ஆங்கிலேயர் அந்தச் சொல்லை மயிர் அடர்ந்தது, சடைபிடித்தது, கத்தரிக்கப்படாதது என்ற பொருளில்தான் வழங்கினார்களாம். பிறகு முரட்டுத் துணிக்கு, பிறகு திருத்தாத நிலத்துக்கு, பிறகு கொந்தளிக்கும் கடலுக்கு, பிறகு நாகரிகமில்லாத மனிதருக்கு. இப்போது கடைசியில் ‘ஃப்’ என்று முடிகிற சத்தம் அந்தக் காலத்தில் தொண்டையின் அடியிலிருந்து, காறுவது போல எழும்புமாம். அசலான சத்தத்தைத் தொலைத்ததால்தான் அசலான பொருளையும் தொலைத்தோம் என்ற பணிப்பாளர், எல்லாரையும் சேர்ந்து ஒலிக்கச் சொன்னார்.

கணக்காளர் காறினார். நிர்வாக உத்தியோகத்தர் காறினார். சாரதிகளும் காறினார்கள். தேநீர் கொண்டுவந்தவர் தட்டோடு வாசலில் நின்று, எல்லாருக்கும் சளியோ, கொத்தமல்லி அவித்துக் கொண்டுவரவா என்று கேட்டார். அவருக்கு விளக்கம் கோரிக் கடிதம் போனது.

மேனுகாவும் காறிப் பார்த்தாள். வீடு கிடைக்குமென்றால் காறுவதில் அவளுக்கு என்ன வெட்கம்.

பொருளுக்கொரு உபகுழு அமைத்தார்கள். கடற்பொருள் உபகுழு முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போய், நண்டுக் கறியோடு சாப்பிட்டு, கடல் அன்று அமைதியாக இருந்தபடியால் முடிவுக்கு வர முடியவில்லை, மாரியில் மறுபடி போக வேண்டும் என்று எழுதியது. மனிதப்பொருள் உபகுழு யாரை நாகரிகமில்லாதவர் என்று கொள்வதென்று தங்களுக்குள் வாதாடியதில் இருவர் இன்று வரைக்கும் பேசுவதில்லை. மயிர்ப்பொருள் உபகுழுதான் மேனுகாவின் காணிக்கு வந்தது.

காணி எவ்வளவு சடைத்திருக்கிறது என்று அளக்க, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நியமமாதிரி வேண்டும் என்றார்கள். மூலப்பொருளின்படி ஓர் ஆடு. ஊரில் சடை ஆடு வைத்திருந்தவள் ஜொஹறா. புத்தளத்தில் அகதியாய் இருந்து நரைத்து, பத்து வருசத்துக்கு முன் ஊருக்குத் திரும்பியவள், அடுத்த காணிக்காரி. அதிகாரசபையின் வாகனம் தன் வாசற்படலையில் நின்றதும் அவள் ஆட்டைக் குசினிக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். எனக்கு ஆடு இல்லை என்றாள். குசினிக்குள் இருந்து ஆடு கத்தியது. அது வேறு ஆட்களுடையது என்றாள்.

ஆட்டை அரசாங்கத் தேவைக்கென்று எடுத்தார்கள். காணியின் ஒரு மூலையில் கட்டி, பணிப்பாளர் ஒரு கையால் அதன் முதுகையும் மறு கையால் நாயுண்ணிப் பற்றையையும் தடவி, கண்ணை மூடி ஒப்பிட்டார். ஒப்பீடு முடியவில்லை, நாளைக்கும் தொடரும் என்று ஆட்டை அங்கேயே விட்டுப் போனார்கள். மறுநாள் வந்தபோது, கயிறு எட்டிய தூரம் முழுவதையும் ஆடு மொட்டையாக்கியிருந்தது.

ஆட்டின் மேல் விசாரணை வைக்க அதிகாரம் இல்லை. ஆகவே மேனுகாவின் மேல் வைத்தார்கள். பொருள் நிர்ணயிக்கப்படும் காலத்தில் நிலத்தின் தன்மையை மாற்றிய குற்றம். காணி பற்றையாய்க் கிடந்தால் அது காடு, காடு அரசாங்கத்தினுடையது. பற்றையை வெட்டினால் அரசாங்கத்தின் காட்டை அழித்தவள். அப்படியென்றால் அது என்னுடைய காணியாய் இருக்க என்ன வழி என்று அவள் கேட்டாள். அந்தத் திசையில் தாங்கள் இன்னும் சிந்திக்கவில்லை என்று தவராசா மறைக்காமல் ஒத்துக்கொண்டார்.

அன்று ராஜினி மேனுகாவோடு கொட்டில் வளவின் படலைவரைக்கும் கூட வந்தாள். அக்கா, அந்தச் சொல்லை எழுதியது நான்தான், என்னை மன்னியுங்கோ, இங்கிலீசில பத்தைக்கு வேறை சொல் வராமல் எழுதிப்போட்டன் என்றாள். நீங்களும் என்னிடம் மறைத்தீர்களே, கிணறு இருக்கிறது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கிணறு என்று எழுதியிருப்பேனே என்றும் சொன்னாள். மேனுகாவுக்குக் கோபம் வந்தது. பிறகு, தன்மேல்தான் அந்தக் கோபம் என்று விளங்கியது. இவள் ஏன் இதைச் சொல்கிறாள், இதற்குப் பின்னால் என்ன இருக்கும் என்ற யோசனை அப்போதும் விடவில்லை.

ஆண்டு முடிவு கிட்டியது. அதிகாரசபை பொதுநோக்கு மண்டபத்தில் பகிரங்க விசாரணை வைத்தது. இந்தக் காணியில் முன்னர் மக்கள் இருந்தார்களா என்பதை ஊரே சொல்லட்டும் என்று பணிப்பாளர் அறிவித்தார். ஊரே வந்திருந்தது. பணிப்பாளரின் சப்பாத்து மினுங்கியது.

முதலில் மேனுகாவின் சித்தப்பாவைக் கேட்டார்கள். தன் கூடப்பிறந்த தமையனின் காணி. அவரே தோள் கொடுத்து வெட்டிய கிணறு. அவர் கூரையைப் பார்த்து, தெரியேல்லை என்றார். அடுத்தவர் தனக்கு அந்தப் பக்கம் போக்குவரத்து இல்லை என்றார். அவருடைய வீட்டுக்கு வேறு பாதையே கிடையாது. ஜொஹறா, தான் புத்தளத்தில் இருந்தவள், தனக்கு என்ன தெரியும் என்றாள். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை ஊரை விட்டுப் போகச் சொன்ன அன்று அவளுடைய உம்மா மேனுகாவின் வீட்டில்தான் பெட்டியைப் பாதுகாக்கக் கொடுத்துவிட்டுப் போனவள்.

மேனுகா ஒவ்வொருவரின் முகமாகப் பார்த்தாள். ஒருவர்கூட அவளுக்குக் கெடுதி நினைக்கவில்லை. எல்லாரும் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். சொல்லிவிட்டால் அவளுக்கு ஏதாவது வந்துவிடும் என்று பயந்து, அவளுடைய காணியை ஒருவர் மாறி ஒருவர் இல்லாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

அவள் எழும்பினாள். கேட்காமலே சொன்னாள். வீடு எந்தத் திசை பார்த்து நின்றது, குசினி எங்கே, அம்மா மிளகாய் காயப்போட்ட இடம் எது, பங்கர் எங்கே வெட்டினோம், அதற்குள் அண்ணன் எப்படிக் கிடந்தான், இடம்பெயர்ந்த அன்று அடுப்பில் என்ன இருந்தது. சித்தப்பா கூரையிலிருந்து கண்ணை இறக்கவே இல்லை. ஆனால் கண் கலங்கி வழிந்தது.

தவராசா கேட்டு முடித்து, கண்ணாடியைத் துடைத்தார். மிகவும் உருக்கமான சாட்சியம் என்று பாராட்டினார். ஆனால் ஒரு சிக்கல் என்றார்.

“அதே வாயாலதானே அண்டைக்கு ஒண்டுமில்லை எண்டு சொன்னனீங்கள். அது பதிவில கிடக்குது. இப்ப அதிகாரசபை எந்த மேனுகாவை நம்புறது?”

“அண்டைக்குப் பயந்து சொன்னதை எழுதி வைச்சிருக்கிறியள் சேர். இப்ப பயப்பிடாமல் சொல்லுறன். இதையும் எழுதுங்கோ.”

எழுத முடியாது என்றார் அவர். பயம் என்ற சொல் இந்த ஆண்டின் நிகழ்ச்சித்திட்டத்தில் இல்லை. அது மட்டுமல்ல, தங்களுக்கு மூன்றாண்டு நிதி கிடைத்திருப்பது இந்த ஒரு சொல்லுக்காகத்தான். இன்றைக்கே முடிவெடுத்துவிட்டால் மிச்சம் இரண்டாண்டும் உத்தியோகத்தர்கள் என்ன செய்வது, அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறதல்லவா என்று ஊரின் மனச்சாட்சியைக் கேட்டார். ஆகவே பொருள் முடிவாகும் வரைக்கும் காணி யாருக்கும் இல்லை, வீடு அடுத்த பெயருக்குப் போகும், யாரும் உள்ளிடக் கூடாது என்று தீர்ப்பை வாசித்து, எல்லாருக்கும் பணிசும் சோடாவும் கொடுத்தார்கள்.

மறுநாள் விடியற்புறம் மேனுகா கத்தியும் குழி தோண்ட அலவாங்குமாகக் காணிக்குள் இறங்கினாள். ஜெயந்தன் வேண்டாம் என்று கையைப் பிடித்தான். பிறகு கையை விட்டான். பிறகு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலே வந்தான். நாயுண்ணியை வெட்டி ஒதுக்கி, எல்லையில் வேலிக்குக் கிளுவங் கதியாலாக நட்டுக்கொண்டு போனார்கள். பச்சைத் தடிகள், மழை கண்டதும் துளிர்த்துவிடும்.

சனம் தத்தம் வேலிக்குள் நின்று பார்த்தது. யார் சொல்லி வெட்டுகிறாள்? இவளுக்குப் பின்னால் யார்? ஜொஹறாதான் கடைசியில் வேலியோடு வந்து, ஆரு புள்ள விட்டது உன்ன என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“ஒருத்தரும் விடேல்லை ராத்தா.”

ஜொஹறாவுக்கு நம்பிக்கை வரவில்லை. போய்விட்டாள்.

வெயில் ஏறும்போது அதிகாரசபையின் வாகனம் வந்தது. தவராசா இறங்கினார், பின்னால் ராஜினி. யார் அனுமதி தந்தது என்றார். மேனுகா அலவாங்கை நிலத்தில் குத்தி நிமிர்ந்தாள். ஒரு வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் தன்னிடம் கேட்டதெல்லாம் அவளுக்கு வரிசை தப்பாமல் மனப்பாடம்.

“சேரின்ர முழுப்பேர் என்ன?”

பழக்கதோசத்தில் அவர் சொல்லிவிட்டார்.

நிரந்தர விலாசம்? அதையும் சொன்னார். அந்தக் காணி ஆருடையது? ஆர் தந்தது? தொண்ணூறுக்கு முன்னம் எங்கே இருந்தீர்கள்? சண்டை முடியும்போது எங்கே? அந்த இடத்தில் இருந்ததற்கு ஆள் சாட்சி உண்டா? கிணறு உண்டா? வெட்டியது ஆர்? வீட்டில் எத்தனை பேர்? எல்லாரும் இப்போது எங்கே?

அவள் குரலை உயர்த்தவில்லை. வேலிகளுக்குள் நின்ற சனம் ஒவ்வொரு கேள்விக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெருவுக்கு வந்தது. எல்லாருக்கும் தெரிந்த கேள்விகள். எந்தக் கேள்விக்குப் பிறகு எது வரும் என்று முதியவர்கள் சிலர் வாயை அசைத்துச் சொல்லிக்கொண்டுகூட நின்றார்கள். ராஜினி பேனையைத் திறந்து, கேள்வியையும் பதிலையும் தமிழில், கட்டம் கீறாத வெறுந்தாளில் எழுதிக்கொண்டு போனாள்.

தவராசா பதில் சொல்வதை நிறுத்தினார். தன்னைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். ராஜினியின் பேனையைப் பார்த்தார்.

“உதுகளெல்லாம் ஏன் கேக்கிறியள்?” என்றார். “நான் சொன்னால் எங்க கொண்டுபோய்க் குடுப்பியள்?”

ராஜினி அதையும் எழுதினாள். அவர் அதைப் பார்த்துவிட்டு வாகனத்தில் ஏறினார். நான் ஒண்டும் சொல்லேல்லை என்று கண்ணாடியை இறக்கி ஒரு தரம் சொன்னார். ராஜினி வாகனத்தில் ஏறவில்லை.

மேனுகா அடுத்த குழியைத் தோண்டினாள். வாகனத்தின் புழுதி அடங்க முன்னமே சித்தப்பா வந்து, குழியின் ஆழம் காணாது, கதியால் சரியும் என்று அலவாங்கை அவளுடைய கையிலிருந்து பறித்தார். கிணறு எந்தப் பக்கம் என்று அவரை யாரும் கேட்கவில்லை. அவராகவே பற்றைக்குள் கையை நீட்டி, அங்க முதலில வெட்டுங்கோ பிள்ளையள், தண்ணி குடிக்க வேணுமெல்லே என்றார்.

ஜொஹறா தன் வேலியில் முறித்த ஒரு கட்டுக் கதியாலைத் தலையில் சுமந்துகொண்டு தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தாள்.